முந்நூற்று இருபதாவது அடியின் வாசனை

எங்கள் குடியிருப்பில் போர்வெல் போட்ட அன்று நான் அரைநாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். கேஸ் சிலிண்டர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சிலிண்டர் வரவில்லை, போர் லாரிதான் வந்தது.

குமணன்சாவடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. இரண்டு பிளாக், முப்பத்தாறு வீடுகள். அந்தக் கோடையில் பழைய போர் வற்றி, மூன்று வாரமாக டேங்கர் தண்ணீரில்தான் எல்லாரும் குளித்துக்கொண்டிருந்தோம். அதனால் லாரி கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கல்யாண வீட்டுக் கலகலப்பு வந்துவிட்டது. சங்கச் செயலாளர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கார்களைத் தள்ளி நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துக்கொண்டிருந்தார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். பாதிப் பேர் காரைத் தள்ளவில்லை. அதற்கான பலனைப் பிறகு அனுபவித்தார்கள். வெள்ளைக் கார், சிவப்புக் கார் எல்லாம் மதியத்துக்குள் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன.

நான் மாடிப்படியின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, முகர்ந்துகொண்டிருந்தேன். என் பிழைப்பு அது. திருமழிசை தொழிற்பேட்டையில் வாசனைக் கலவை தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். பினாயில், தரை துடைக்கும் திரவம், துணி சோப்பு, ஊதுபத்தி, இவற்றுக்கெல்லாம் வாசனை எங்களிடமிருந்துதான் போகும். வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த எனக்கு அந்த வேலை தற்செயலாகக் கிடைத்தது. எலுமிச்சை, மல்லிகை, ரோஜா என்று இந்தக் கையால் எத்தனை பீப்பாய் கலந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் மேல்மண் வந்தது. அதன் வாசனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிறகு களிமண். ஈரத்துணியை மூன்று நாள் மூடி வைத்த மாதிரி கனமாக இருந்தது. அப்புறம் பாறை. பாறை வந்ததும் மாவு மாதிரித் தூள் புகையாகக் கிளம்பியது. மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை, காய்ந்த எரிச்சல் மட்டும். அப்படியே இரண்டு மணி நேரம். முந்நூறு அடி தாண்டியதும் எல்லார் முகமும் விழுந்துவிட்டது. செயலாளர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

முந்நூற்று இருபதாவது அடியில் தூளின் நிறம் மாறியது. லாரிக்காரர், திருச்செங்கோட்டுக்காரர், ஒரு கையைத் தூக்கி, "தண்ணி பட்டுருச்சுங்க!" என்று கத்தினார். அடுத்த நொடி சாம்பல் நிறச் சேறு ஓர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். காரை நிறுத்தியிருந்தவர்கள் திட்டினார்கள்.

நான் இரண்டையும் செய்யவில்லை. அந்த வாசனை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. மழை பெய்தால் வருகிற மண்வாசனை அல்ல அது. மழை வாசனையில் புல்லும் சாணமும் காய்ந்த இலையும் கலந்திருக்கும். இதில் உயிருள்ளது எதுவுமே இல்லை. குளிர்ச்சி, கல், இரும்பு, தண்ணீர். எந்த மூக்கும் அதுவரை தொட்டிராத தண்ணீர். பதினாறு வருஷத்தில் ஒரு வாசனைக்காக எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அன்றுதான்.

வீட்டுக்கு ஓடி மூன்று எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வந்து சேற்றை அள்ளி நிரப்பினேன். சாயங்காலம் என் கணவர் அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"இது என்ன, கூழா?"

"சேறு."

"சேறா?"

"போர்ச் சேறு. கெட்டுடக் கூடாதுல்ல."

அவர் கணினி முன்னால் உட்கார்ந்து மற்றவர்களின் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வேலை செய்பவர். தயிரை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜை மூடினார்.

மறுநாள் ஒரு டப்பாவை முதலாளியிடம் கொண்டுபோனேன். நல்ல மூக்கு உள்ளவர். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முகர்ந்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா நம்ம கஸ்டமர் எல்லாம் இந்த வாடை போகணும்னுதானே நம்ம சரக்கையே வாங்குறான்?"

நானும் சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் என் மேஜைக்குத் திரும்பி வந்து எலுமிச்சைக் கலவையை அளந்தபோது கை ஓடவில்லை. இத்தனை வருஷமாக ஒரு வாசனையை மறைப்பதற்காகத்தான் இன்னொரு வாசனை செய்திருக்கிறேன். உனக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பால்கனியில் ஆரம்பித்தேன். பழைய குக்கர், அதன் மூக்கில் செம்புக் குழாய், குழாயைச் சுற்றி ஐஸ் வாளி. சேற்றை வடை மாதிரி தட்டிக் காயவைத்து, சுட்டு, ஆவியில் வடித்தேன். கிடைத்தது வெறும் வெந்நீர் வாசனை. பிறகு கோரைக்கிழங்கு எண்ணெயைச் சேர்த்தேன். மண் வந்தது, கூடவே கோயில் வாசனையும் வந்துவிட்டது. வெட்டிவேரைச் சேர்த்தேன், பானைத் தண்ணீர் மாதிரி வீட்டுத்தனமாகிவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் அந்த ஈரநெடி பீட்ரூட் தோலில் உண்டு என்பது எனக்குப் படிப்பில் தெரியும். அதனால் கிலோக் கணக்கில் பீட்ரூட் வாங்கித் தோலைச் சீவினேன். தோல் குக்கருக்கு, மீதி எங்களுக்கு. ஆறு வாரம் பீட்ரூட் பொரியல், பீட்ரூட் சாம்பார், பீட்ரூட் சட்னி.

"வாசனை வருதோ இல்லையோ, என் ரத்தம் நல்லா ஊறிடும்" என்றார் கணவர்.

இருபத்து மூன்றாவது முயற்சியில் மாட்டிக்கொண்டேன். அந்த ஈரநெடியைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சின்னக் குப்பியில் விற்பார்கள். அதை ஆயிரம் மடங்கு கரைத்தால்தான் மூக்கு தாங்கும். வாங்கி வைத்திருந்த குப்பியைத் திறக்கும்போது கை வழுக்கி, கரைக்காத துளிகள் பால்கனியின் தண்ணீர் போகும் ஓட்டையில் விழுந்துவிட்டன. பினாயில் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ அது கீழே இறங்கியது.

பத்து மணிக்குக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி வந்தது. "பி பிளாக்கில் டிரெய்னேஜ் லீக் போல. வாடை தாங்கவில்லை." பத்தேகாலுக்குப் பதினெட்டுச் செய்திகள். பத்தரைக்குச் செயலாளர் பிளம்பரோடு வந்துவிட்டார்.

அந்தப் பிளம்பர் திருமழிசைக்காரர், ஐம்பது வயதுக்காரர். கிணற்று மோட்டார் வேலையும் பார்ப்பவர். தரைத்தளத்திலிருந்து ஒவ்வொரு குழாயாக முகர்ந்துகொண்டே ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பால்கனிக்குள் கால் வைத்ததும் நின்றார். குக்கரைப் பார்த்தார், செம்புக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸார், இது டிரெய்னேஜ் இல்ல ஸார்" என்றார் செயலாளரிடம். "டிரெய்னேஜ்னா வயித்தப் பொரட்டும். இது பொரட்டல. கெணத்துல எறங்குனா ஒரு வாட அடிக்கும்ல, அந்த வாட."

பிறகு என் பக்கம் திரும்பினார். "யக்கா, இன்னா பண்ணிகினு கீற நீ?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செயலாளர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். பிளம்பருக்கு மட்டும் அது வேடிக்கையாகவே படவில்லை. "குடு, மோந்து பாக்குறேன்" என்றார். சரியாகக் கரைத்து வைத்திருந்த கலவையில் காகிதப் பட்டையை நனைத்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"மண்ணு கீது. பாசி கீது. ஆனா போர் வாட இல்லக்கா இது. போருன்னா இரும்பு ஓணும். இரும்பு எங்க?"

செயலாளர் கேட்டுக்கொண்டபடி குழுவில் மன்னிப்பு எழுதிப் போட்டேன். நாலைந்து பேர் கோபமுகம் போட்டார்கள். மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி, "சாம்பிள் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தாள். ஆனால் என் மனசெல்லாம் பிளம்பரின் கேள்வியில் இருந்தது. மூன்று மாதமாக எனக்குப் பிடிபடாததை அவர் மூன்று நொடியில் சொல்லிவிட்டார்.

இரும்பு வாசனைக்கு என்னென்னவோ செய்து பார்த்தேன். ஆணியை ஊறவைத்தேன், துருவைச் சுரண்டிப் போட்டேன். எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடியே திருமழிசை வரை நின்று போனேன். இறங்கி முந்தானையைச் சரிசெய்யும்போது உள்ளங்கை மூக்கருகே வந்தது. அதேதான்! அந்த இரும்பு வாசனை!

கல்லூரியில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரும்புக்கென்று தனி வாசனை கிடையாது. நம் தோலின் வியர்வையும் எண்ணெயும் அதன்மேல் படும்போது எழுவதைத்தான் இரும்பு வாசனை என்கிறோம். அது நம் வாசனை. போர் போட்ட அன்று நான் பிடித்திருந்ததும் மாடிப்படிக் கம்பியைத்தான். குப்பியில் அதை அடைக்க முடியாது. முகர்கிறவர் இரும்பைப் பிடிக்க வேண்டும். அவர் கைதான் கடைசிப் பொருள்.

தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். இதை இனி எந்தக் கடையிலும் விற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போர் லாரிக்காரருக்குப் போன் போட்டு, பாறையைக் குடையும் பிட்டு ஒன்று, தேய்ந்துபோனது, கிடைக்குமா என்று கேட்டேன்.

"பாறையக் கடிக்கிற பட்டனெல்லாம் கொட்டிப்போன பிட்டுதாங்க மேடம் இருக்கு. அத வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"மோந்து பாக்கணும்."

"சரிங்க" என்றார். அடுத்த வாரம் ஆவடிக்குப் போன அவருடைய இன்னொரு லாரி, பூந்தமல்லி பைபாஸில் நிறுத்தி அதை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனது. இருபது கிலோ இருக்கும். பிளம்பர்தான் தன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

இரும்புக்கு இடம்விட்டுக் கலவையைத் திருத்தினேன். கோரைக்கிழங்கைக் குறைத்தேன், வெட்டிவேரைப் பேருக்கு வைத்தேன், சுட்ட சேற்றின் வடிநீரைக் கூட்டினேன். நாற்பத்தொன்றாவது முயற்சி. ஞாயிறு பகல் பதினோரு மணி. கணவரைக் கூப்பிட்டு, பிட்டைப் பிடித்துப் பத்து எண்ணச் சொன்னேன். கையில் இரண்டு துளி விட்டேன்.

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். போய் பால்கனிக் கம்பியருகே நின்று கீழே போர் இருக்கும் இடத்தைப் பார்த்தார்.

"இத வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார். "நாலு பேர் மோந்து பாக்கணும்."

நகரத்தில் ஒரு பழைய கிடங்கைக் கலைக்கூடமாக மாற்றி, புதியவர்களுக்காகப் பரிசுப் போட்டியுடன் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பை அவர்தான் போனில் கண்டுபிடித்தார். விண்ணப்பத்தில் ஓவியம், சிற்பம், புகைப்படம், மற்றவை என்று இருந்தது. "நீ மற்றவை" என்று சொல்லிக்கொண்டே அவரே டிக் செய்தார். படைப்பின் பெயர் என்ற இடத்தில் 'முந்நூற்று இருபது அடி' என்று எழுதினேன். இரண்டு வாரத்தில், தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கண்காட்சி பத்து நாள். அந்த முதல் நாள் மாதிரி ஒரு நாள் என் விரோதிக்குக்கூட வரக் கூடாது. சுவரெல்லாம் பெரிய பெரிய வண்ண ஓவியங்கள். நடுவில் என் மேஜை. அதன்மேல் தேய்ந்த இரும்பு, ஒரு சின்னக் குப்பி, ஒரு அட்டை. "இரும்பைப் பிடியுங்கள். பத்து வரை எண்ணுங்கள். பிறகு கையை நீட்டுங்கள்." யாரும் நிற்கவில்லை. ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் காபிக் கோப்பையைப் பிட்டின் மேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கண்காட்சியை நடத்திய அம்மா நல்லவர். "நாளைக்குக் கூட்டம் வரும்" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கும் என் சிநேகிதி ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திருமழிசையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர்கள் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் நிலமும் ஒரு பழைய கிணறும் இருக்கின்றன. ஏழு பேரும் தலைநிறையப் பூ வைத்து, பட்டுப்புடவை கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். நுழைந்ததும் அவள் சத்தமாக, "யக்கா, எங்கக்கா உன் ஐட்டம்?" என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

அட்டையைப் படித்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டு இரண்டு கையாலும் பிட்டை இறுகப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணினாள். மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். "பத்து!" கையை நீட்டினாள். இரண்டு துளி விட்டேன்.

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனவள் கையை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"யக்கா, என்னியக் கீழ எறக்கி வுட்டுட்டியே" என்றாள். "உள்ள இருட்டா கீது. சில்லுனு கீது. தோ, தண்ணி வந்துட்ச்சி பாரு."

அதற்குப் பிறகு வரிசை நின்றது. நிஜமாகவே வரிசை, கதவு வரைக்கும். இரும்பைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய மனிதர்கள் குழந்தைகள் மாதிரி பத்து எண்ணினார்கள். ஒவ்வொருவர் கையிலும் அது கொஞ்சம் மாறியது. சிலரிடம் இரும்பு முந்திக்கொண்டது, சிலரிடம் கல். ஒரு பெண்மணி முகத்தைச் சுளித்து, "உவ்வே, இதுவா கலை?" என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "இன்னொரு தடவை விடுங்க" என்றார்.

எட்டாம் நாள் முதலாளி வந்தார். வரிசையில் நின்றே வந்தார். முகர்ந்துவிட்டு, தொழில்காரர் அல்லவா, உதிரி உதிரியாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"கோரைக்கிழங்கு. வெட்டிவேர், துளியூண்டு. அடியில... பீட்ரூட்டா?"

"ஆமா சார்."

"இரும்புக்கு என்னம்மா போட்ட? இப்படி ஒரு சரக்கு எனக்குத் தெரியாம மார்க்கெட்ல இல்லையே?"

"எதுவும் போடல சார். அது உங்க கை."

உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஓவியத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என் மூக்கையே ஏமாத்திட்டியேம்மா" என்றார். இதை எந்த சோப்பிலும் போடத் தரமாட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். "கேக்க வரல. பாக்கத்தான் வந்தேன்" என்றவர், போகும்போது என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் மாலை நடுவர்கள் பரிசு அறிவித்தார்கள். மூன்றாம் பரிசு ஒரு சிற்பத்துக்கு. இரண்டாம் பரிசு ஒரு புகைப்படத் தொடருக்கு. எனக்கு ஏதாவது ஆறுதல் பரிசு கிடைக்கலாம் என்று நான் கணவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் பரிசு 'முந்நூற்று இருபது அடி' என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. யாரோ எழுந்து போவார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது நீதான், எந்திரி" என்று கணவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். நடுவர்களில் மூத்தவர், ஓர் ஓவியர், ஒலிபெருக்கியில், "இங்கே இருந்த எல்லாவற்றையும் நான் பார்த்தேன். இது ஒன்றுதான் எனக்குள்ளே வந்தது" என்றார்.

என் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். ஒரு வார்த்தைகூட நினைவில்லை. "நான் வாசனை செய்கிறவள்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவ்வளவு போதும் என்றும் தோன்றியது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து விசில் பறந்தது. என் சிநேகிதி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில். பக்கத்தில் நின்ற பிளம்பரும் அடித்தார். அடக்கமாகக் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் பிறகு அடக்கமாகத் தட்டவில்லை.

பிட்டையும் குப்பியையும் நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை புதுக் கலவை கொண்டுபோய் நிரப்பிவிட்டு வருகிறேன்.

பரிசு வாங்கிய அன்று திரும்பும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி எல்லாருமாகச் சாப்பிடப் போனோம். இரண்டு மேஜைகளை இழுத்து ஒன்றாகப் போட்டோம். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாதது அப்போதுதான் தெரிந்தது. நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். "தலைவிக்கு சால்னா ஊத்துப்பா, தாராளமா ஊத்து!" என்று கடைக்காரரிடம் கத்தினாள் சிநேகிதி. தட்டு வழிய வழிய ஊற்றினார்.